நதியிடம் சுங்கம் கேட்ட ஊர்

றைன் நதி ஒல்லாந்துக்குள் லோபித்திலே நுழைகிறது என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் ஒப்பித்து வந்த பாடம். ஜேர்மனிய எல்லையோரத்தில், வெள்ளத்தைத் தடுக்கும் அணைக்கரையின் பின்னே ஒதுங்கியிருக்கும் அச்சிற்றூரைச் சென்ற கோடையிற் சென்று கண்டேன். நதியோ இன்று ஊரைத் தொட்டு ஓடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பைலாண்ட் கால்வாய் அதன் போக்கை மாற்றிவிட்டது. சரக்குக் கப்பல்கள் வரிசையாகச் செல்வதைக் காண அயலிலுள்ள தோல்காமர் கரைக்குப் போகவேண்டும்.

வந்தோருக்கு அங்கே காட்டப்படுவன பழைய ஆற்று வளைவுகளும், மணல் அகழ்ந்த இடத்தில் உண்டான ஏரியும், சுங்கக் கோட்டையின் கதையுமே. 'தோல்' என்றால் சுங்கம். மத்திய காலத்தில் கெல்டர் நாட்டுப் பிரபுக்கள் இவ்விடத்தில் கோட்டை அமைத்து, கடந்து சென்ற ஒவ்வொரு படகிடமும் பணம் வாங்கினர். நதியைப் படைத்தவர்கள் அவர்களல்லர். வழியை மறித்து நின்றவர்கள் மட்டுமே. 1672 ஜூன் 12ஆம் நாள், கோடையில் நீர் குறைந்திருந்த இந்த இடத்தினூடாகவே பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயியின் சேனை ஒல்லாந்துக்குட் புகுந்தது. பாரிசிலுள்ள சேன்ற் டெனி வாயிலில் அக்காட்சி கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அன்று நீரில் மூழ்கிய குதிரைவீரனுக்கோ, சுங்கம் செலுத்திய படகோட்டிக்கோ எவரும் வாயில் எழுப்பவில்லை.

1868ஆம் ஆண்டின் மான்கைம் உடன்படிக்கை றைன் நதியிற் கப்பற் போக்குவரத்துக்குச் சுங்கமில்லை என்று உறுதி செய்தது. ஆனால் 1986 நவம்பரில் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரருகே இரசாயனக் களஞ்சியமொன்று தீப்பற்றியபோது, நஞ்சு கலந்த நீர் எந்த எல்லையிலும் நில்லாமல் இங்கு வந்து சேர்ந்தது. இலாபம் மேலே தங்கிற்று. மீன்கள் கீழே செத்தன. மறு ஆண்டே கரையோர நாடுகள் நதியைத் தூய்மைப்படுத்தும் கூட்டுத் திட்டமொன்றை ஏற்றுக்கொண்டன. இன்று லோபித்துக்கு எதிர்க்கரையில், ஜேர்மன் மண்ணிலுள்ள பிம்மெனில், இரு நாட்டாரும் சேர்ந்து நீரைச் சோதிக்கின்றனர்.

லோபித்தின் நீர்மட்டம் 1926 ஜனவரியில் 16.93 மீற்றருக்கு உயர்ந்தது. 2022 ஆகஸ்டில் ஏறத்தாழ 6.5 மீற்றருக்குத் தாழ்ந்தது. இவ்விரண்டு இலக்கங்களுக்கும் இடையிலேதான் அங்குள்ள உழவரும் மாலுமிகளும் வாழ்கின்றனர். என் கண்ணுக்கு அவ்வூரின் மெய்யான காட்சிப்பொருள் கோட்டையன்று, அந்தச் சோதனைச் சாலையே. ஆசிரிய நண்பர்களே, நதி எங்கே நுழைகிறது என்று மாணவரிடம் கேட்கும் நாம், அதை யார் மறித்தனர், யார் அழுக்காக்கினர், யார் காத்து நிற்கின்றனர் என்றும் கேட்போமாக.