இன்னும் ரெண்டு சுத்து

சென்னீர்குப்பத்துக்காரர்களுக்கு வடக்கே போனால் கூவம், தென்மேற்கே சைக்கிள் மிதித்தால் செம்பரம்பாக்கம் ஏரி. நடுவில் மழைக்கு மட்டும் நிரம்பும் தாங்கல்களும் குட்டைகளும். இன்று அவற்றில் பாதி கட்டடமாகிவிட்டன. மிச்சமிருப்பவற்றில் ஐப்பசி மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் தூண்டி போடுவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம். அதை நினைக்கத் தொடங்கினால் எனக்கு மீனுக்கு முன்னால் முடிச்சுதான் ஞாபகம் வருகிறது.

தாத்தாவின் நூல் பருத்தி. மூன்று இழையை முறுக்கி, பனிச்சைக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, வெயிலில் கட்டிக் காயவிடுவார். கருஞ்சிவப்பாகிவிடும். கூடத்தில் இரண்டு நாள் துவர்ப்பு வாடை நிற்கும். அவர் பயந்ததெல்லாம் நூல் மக்கிப்போவதற்குத்தான். முடிச்சு நழுவுவதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பருத்தியின் மேல் நுண்ணிய மயிர் சிலிர்த்து நிற்கும். முடிச்சுக்குள்ளே ஒரு சுற்று அடுத்த சுற்றைப் பற்றிக்கொள்ளும். நனைந்தால் பருத்தி இன்னும் பலம் கூடும். முள்ளில் நாலு சுற்று சுற்றி இழுத்தால் வேலை முடிந்தது. மீதியை நூலே பார்த்துக்கொண்டது.

அப்பா காலத்தில் நரம்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான், எங்கள் பக்கத்துக் கடைகளில் வளையம் வளையமாகத் தொங்கியது. மக்கவில்லை, தண்ணீரில் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் வழுவழுப்பு. பழைய கைப்பழக்கத்தில் நாலு சுற்றோடு விட்டால் கெளுத்தி இழுக்கிற இழுப்புக்கே முடிச்சு அவிழ்ந்தது. தாத்தா நரம்பை விரல்களுக்கு நடுவே ஒருமுறை உருவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “வழுக்குதுடா. இன்னும் ரெண்டு சுத்து போடு.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆறு சுற்று. தாத்தா பள்ளிக்கூடம் போனவரில்லை. கேள்வி பலத்தில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது என்பதை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது.

அதே கேள்வி பிரெய்டு நூல் வந்தபோது மறுபடி வந்து நின்றது.

பாரிமுனைக் கடையில் முதன்முதலாக அந்தப் பின்னல் நூலைக் கையில் வாங்கிப் பார்த்தபோது தையல் நூல் என்றே நினைக்கத் தோன்றியது. அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த நரம்பு தாங்கும் எடையைக் கால் மில்லிமீட்டர் பிரெய்டு தாங்கிவிடும். அது பாலிஎத்திலீன். மளிகைக் கடைப் பையும் அதே குடும்பம்தான். ஆனால் இதில் மூலக்கூறுகள் மிக நீளமானவை, எல்லாம் ஒரே திசையில் நீட்டி அடுக்கப்பட்டவை. நெதர்லாந்தில் டிஎஸ்எம் நிறுவனத்தில் ஆல்பர்ட் பென்னிங்ஸ் 1963இல் அதன் முதல் தடயத்தைக் கண்டார். பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1979இல் அதைக் களியாகக் கரைத்து நூற்கும் முறையைக் கண்டார்கள். 1990இல் ஆலை உற்பத்தி தொடங்கியது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் சட்டையிலும் கப்பல் கட்டும் கயிற்றிலும் இருப்பது இந்த இழைதான். பலத்தில் குறையே இல்லை. குறை அதன் வழுவழுப்பில் இருக்கிறது.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருநாள் முகம் வாடி வந்தான். ஆகாயத்தாமரைக்கு நடுவில் போட்ட ரப்பர் தவளையை விரால் அடித்திருக்கிறது. ஒரே இழுப்பில் எல்லாம் போய்விட்டது.

“முப்பது பவுண்டுனு போட்டிருக்கான்ணே. டப்பா நூலு. அறுந்துபோச்சு.”

“நுனி இருக்குல்ல? காட்டு தம்பி.”

நுனி சுருண்டு சுருண்டு இருந்தது. அறுந்த பிரெய்டின் நுனி பிசிறடித்துத் தூரிகையாக விரிந்திருக்கும். முடிச்சிலிருந்து நழுவி வந்த நுனியில்தான் முடிச்சின் சுருள்கள் அப்படியே பதிந்திருக்கும். நூல் தன் வேலையைச் செய்திருந்தது. அவன் போட்டிருந்தது நரம்புக்குப் போடுகிற அஞ்சு சுற்று கிளிஞ்ச் முடிச்சு. மீனை இழந்த வருத்தத்தில் நுனியைப் பார்க்காமல் வெட்டி எறிந்துவிடுகிறோம். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

முடிச்சு ஏன் நழுவியது? காசிமேட்டில் விசைப்படகைக் கரையோடு கட்டும் இரும்புக் குற்றியைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை அதில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் நுனியைப் பிடித்திருப்பார் ஒருவர். எதிரே படகு அலையில் இழுத்துக்கொண்டிருக்கும். சுற்றச் சுற்ற இழுவை குறையும் அந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் எழுதிவைத்தார். உராய்வெண் 0.25 உள்ள கயிறு ஒரு முழுச் சுற்றில் இழுவையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதே சுற்றில் 0.1 உள்ள நூல் பாதியாகத்தான் குறைக்கும். சொரசொரப்பான நூல் ஒரு சுற்றில் செய்வதை வழுக்கும் நூல் செய்ய இரண்டரைச் சுற்று வேண்டும். முடிச்சுக்குள் நடப்பதும் பெரும்பாலும் இந்த உராய்வுக் கணக்குதான். தாத்தாவின் “இன்னும் ரெண்டு சுத்து” ஆய்லருக்கு அருகில் போய் நிற்கிறது என்று பல வருடம் கழித்துப் புரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அதனால் பிரெய்டில் யூனி முடிச்சு போட்டால் நரம்புக்கு அஞ்சு என்ற இடத்தில் எட்டுச் சுற்று. நூலை இரட்டையாக மடித்துப் போட்டால் இன்னும் நல்லது. முள்ளுக்கு நேராகக் கட்டுவதற்கு நான் நம்புவது பலோமர் முடிச்சு. நூலை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, அந்த மடிப்பைக்கொண்டே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு போட்டு, முள்ளை மடிப்பு வளையத்துக்குள் முழுக்க விட்டு எடுத்து, நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். கண்ணைச் சுற்றி இரண்டு நூல் உட்காருவதால் ஒற்றை நூல் தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும் ஆபத்தும் குறைகிறது. ஒட்டி நறுக்காமல் மூன்று மில்லிமீட்டர் வால் விட்டால் இறுகும்போது உள்ளே போக இடமிருக்கும். பசை தடவுகிறவர்கள் உண்டு. பாலிஎத்திலீனில் பசை சரியாகப் பிடிக்காது. அதை நம்பிச் சுற்றைக் குறைத்துவிடக் கூடாது.

நனைப்பது பற்றி நினைத்தால் பூந்தமல்லி சந்தையில் பூ கட்டுகிற அக்காக்கள் நினைவுக்கு வருகிறார்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல் ஒருவரும் உட்கார மாட்டார்கள். வாழைநாரைக் காய்ந்தபடியே இழுத்தால் முடிச்சில் பட்டென்று தெறிக்கும், ஈர நார் வளைந்து கொடுத்துப் பூவைப் பிடிக்கும். பிரெய்டுக்கும் அந்தக் கிண்ணம் வேண்டும், காரணம்தான் வேறு. பிரெய்டின் இழை 145 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். நைலானுக்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இறுக்கும்போது உள்ளே எழும் உரசல் சூடு, கண்ணுக்குத் தெரியாமல் இழையை நோகடிக்கிறது. எச்சில் தொட்டு நிதானமாக இறுக்கினால் சூடும் எழாது, சுற்றுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்காரும்.

நூலின் மறுமுனையையும் மறக்கக் கூடாது. ரீல் ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால் அத்தனை நூலும் ஒரே உருளையாக உலோகத்தின் மேல் சுழலும். டிராக் பழுதாகிவிட்டது என்று ரீலைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. அடியில் நாலைந்து சுற்று நரம்போ ஒரு துண்டு டேப்போ போட்டால் போதும். அங்கேயும் பிடிப்புக்கு ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

குறுந்தொகையில் மீனெறி தூண்டிலார் என்ற புலவர் ஒருவர் இருக்கிறார். யானை வளைத்துப் பிடித்துக் கைவிட்ட பச்சை மூங்கில் மேலே நிமிர்வதற்கு, மீன் சிக்கியதும் எகிறும் தூண்டில் கோலை உவமையாக்கியவர். அவ்வளவு காலத்துக்கு முன்னாலேயே கோலின் அந்த வளைவைப் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவின் மூங்கிலும் வளைந்தது. அப்பாவின் நரம்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு வரை நீளும். மீனின் உதறலைக் கோலும் நூலுமாகப் பங்கு போட்டுக்கொண்டன. பிரெய்டு நீள்வது நூற்றுக்கு மூன்று நான்குதான். விரால் ஆகாயத்தாமரைக்குள் பாயும்போது அந்த அடி அப்படியே முடிச்சில் விழுகிறது. எனவே நுனியில் ஒரு முழம் இரண்டு முழம் நரம்பை லீடராக இணைக்கிறோம். இணைக்க எஃப்ஜி முடிச்சு. லீடரில் வளைவே இல்லாமல், பிரெய்டை அதன்மேல் இடமும் வலமுமாக இருபது தடவைக்குக் குறையாமல் பின்னிக்கொண்டே போவது. இழுக்க இழுக்கப் பின்னல் ஒடுங்கி நரம்பைக் கடித்துப் பிடிக்கும். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். அந்தத் தம்பி இப்போது என்னைவிட நேர்த்தியாகப் போடுகிறான்.

இவ்வளவு அக்கறை ஒரு மீனுக்காகவா என்று வீட்டில் கேட்பார்கள். மீனுக்காகத்தான். விரால் தண்ணீரை மட்டும் நம்பி மூச்சு விடுகிற மீனல்ல. மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வாயில் முள்ளோடும் பின்னால் பத்து மீட்டர் பிரெய்டோடும் தப்பிய விரால், பாசியில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பருத்தி மக்கிவிடும். பிரெய்டு மக்காது. அடுத்து ஒரு நீர்க்காகம் வந்து அதில் மாட்டும்.

ஆகவே தம்பிகளுக்கு நான் சொல்வது இது. வீசுவதற்கு முன் முடிச்சைக் கையில் துணி சுற்றிப் பலமாக இழுத்துப் பாருங்கள். நழுவுவதானால் கரையிலேயே நழுவட்டும். லீடரை எப்போதும் பிரெய்டைவிடப் பலம் குறைந்ததாகக் கட்டுங்கள். என்றாவது அறுந்துதான் தீரும் என்றால் முள்ளுக்குப் பக்கத்தில் அறுந்துபோகட்டும். மீனோடு நீளமான நூல் போகக் கூடாது. வெட்டிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தூண்டி போடுகிறவன் பொறுப்பு மீனைக் கரையேற்றுவதோடு முடிவதில்லை. தப்பித்துப் போகிற மீன் எந்த நிலையில் போகிறது என்பதும் அவன் கட்டிய முடிச்சைப் பொறுத்தது.