‘அனைவரும்’ என்ற பட்டியலில் நாம் எங்கே?

“எல்லாருக்கும் மெயில் போட்டாச்சே!” ஒப்பந்தத் தொழிலாளர்கள் எதைக் கேட்டாலும் கம்பெனி அலுவலகத்தில் கிடைக்கும் பதில் இது. அந்த ‘எல்லாரும்’ யார் என்று நாங்கள் கேட்கத் தொடங்கியது எங்கள் தெருப் பெண் ஒருவருக்கு நடந்ததற்குப் பிறகுதான்.

திருப்புட்குழியிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற எங்களில் பலர் ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான், துப்புரவு வேலை. மேற்பார்வையாளர் தொல்லை கொடுத்தார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வேலையை விட்டுவிட்டார். அந்தக் கம்பெனியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது என்பதே அவருக்கு ஏழாம் மாதத்தில்தான் தெரிந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதுவும் முடிந்திருந்தது.

குழுவின் பெயர்ப்பட்டியல் ‘அனைவருக்கும்’ அனுப்பப்பட்டிருந்தது உண்மை. அது எங்கே நின்றது என்பதை அங்கே கணினிப் பிரிவில் இருக்கும் தோழர் ஒருவர் விளக்கினார்.

பெரிய கம்பெனிகளில் ‘அனைவரும்’ என்ற முகவரிக்குள் பெரும்பாலும் ஆட்கள் நேரடியாக இருப்பதில்லை, குழுக்கள் இருக்கும். அலுவலகம், உற்பத்தி, ஒப்பந்தம் என்று குழுக்கள், அவற்றுக்குள் இன்னும் சிறிய குழுக்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அடியில் உள்ள ஒரு குழுவில் பெயரைப் போட்டால் போதும், மேலே உள்ள எல்லாவற்றிலும் அவர் வந்துவிடுவார். அடியில் பெயர் இல்லாதவர் மேலே எதிலும் இல்லை. யார் அனுப்பலாம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகப் பூட்டும் போடலாம். வெளிக்கதவைத் தாண்டிய மெயில் உள்கதவில் நின்றுவிடும். பட்டியலின் பெயர் மட்டும் ‘அனைவரும்’ என்றே இருக்கும்.

அங்கே ‘ஒப்பந்தம்’ என்ற குழுவுக்குள் இருந்தவர்கள் ஒப்பந்தக்காரர்களின் மேற்பார்வையாளர்கள் மட்டும். துப்புரவுப் பெண்களுக்கு மெயில் முகவரியே கிடையாது. மேற்பார்வையாளர் வாய்வழியாகச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது, பாலியல் தொல்லை பற்றி எங்கே புகார் செய்யலாம் என்ற செய்தி, தொல்லை கொடுத்தவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே முடிந்துவிட்டது.

யாரும் கூடிப் பேசி நம்மை நீக்கவில்லை என்பார்கள். இருக்கட்டும். ஆனால் பட்டியலைப் போடும்போது துப்புரவுப் பெண்கள் யார் நினைவுக்கும் வரவில்லை. அந்த வேலைக்கு எந்தத் தெருக்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைப் பெருமையாகப் பாடநூலில் படித்திருப்பீர்கள். கி.பி. 921இல் பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்கிறது. குடும்புக்கு ஒரு குடம் அல்ல, தகுதியுள்ளோர் பெயர்கள் மட்டுமே ஓலையில் ஏறும். வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. அதுவோ பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஓலை குடத்துக்குள் விழுவதற்கு முன்பே யார் வெளியே என்பது முடிவாகிவிட்டது.

செய்தி சொல்லும் வேலை மட்டும் நம் தலையில். தண்டோரா போட்டு ஊருக்கெல்லாம் கூட்டத்தை அறிவித்தவர், கூட்டத்தில் உட்கார முடியாதவராக இருந்தார். 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தண்டோராவுக்குத் தடை விதிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.

நம் முன்னோர்கள் அடுத்தவர் பட்டியலில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். நம்மிடம் செய்தி வந்து சேர நாமே வழி போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோழர்களே, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியாளர் எல்லாரும் அடக்கம். புகார்க் குழு அமைத்த ஆணையைப் பணியிடத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. மெயில் அனுப்பியதைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேளுங்கள்: ‘அனைவரும்’ பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் இருக்கிறார்களா, மேற்பார்வையாளரோடு நின்றுவிடுகிறதா? புகார்க் குழுவினரின் பெயரும் எண்ணும் தமிழில் எழுதி, பெண்கள் கழிப்பறை வாசலிலும் உணவுக்கூடத்திலும் ஒட்டியிருக்கிறார்களா? நிரந்தர வேலையில் மெயில் முகவரியோடு இருக்கும் தோழர்கள் அடுத்த முறை அப்படி ஒரு மெயில் வந்தால், எழுந்து போய் உங்கள் தளத்தைக் கூட்டுகிற அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். மூன்று மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.