துள்ளும் நியூட்ரான்

தீபாவளி ராக்கெட் எவ்வளவு உயரம் சீறிப் பாய்ந்தாலும் அதன் குச்சி மண்ணுக்கே திரும்பும். காரியாபட்டிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரைமேல் விழுந்த குச்சிகளைப் பொறுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். நிலவைக் கட்டியிழுப்பதும் அதே ஈர்ப்பு விசையே என்று பாடத்தில் படித்தோம். ஆனால் தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரத்திலும் நியூட்டன் விதி செல்லுமா?

கேள்வி எளிது, சோதிப்பதுதான் கடினம். ஈர்ப்பு விசை மிக மெலிந்தது. சிறு காந்தம் ஒன்று குண்டூசியைத் தூக்குகிறது. இத்தனை பெரிய பூமி கீழே இழுத்தும் தோற்றுப்போகிறது! மின்னூட்டமுள்ள துகளை எடுத்துக்கொண்டால் மின்விசையே மிகுந்து ஈர்ப்பை மறைத்துவிடும். ஆகவே மின்னூட்டமற்ற நியூட்ரானைத் தேர்ந்தெடுத்தனர். நியூட்ரான் நம் நாட்டிற்கும் புதிதன்று. கல்பாக்கத்திலுள்ள 'காமினி' உலையின் நியூட்ரான்களைக் கொண்டு, இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கான வெடிகருவிகளை உள்ளே படம்பிடித்துச் சோதித்திருக்கிறார்கள்.

அணு உலையில் பிறக்கும் நியூட்ரான் விநாடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். அதைக் குளிர்வித்து, விநாடிக்கு ஏழெட்டு மீட்டருக்குள் அடக்கிவிடுகிறார்கள். நம் பள்ளி ஓட்டப்பந்தய வீராங்கனையே அதனுடன் போட்டியிடலாம். அவ்வளவு மெதுவான நியூட்ரான் சுவரில் பட்டால் பந்துபோல் திரும்பும்.

2002ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் வலேரி நெஸ்விஷெவ்ஸ்கி குழுவினர் இவற்றை வழவழப்பான கண்ணாடிமேல் ஓடவிட்டனர். மேலே, நியூட்ரானை விழுங்கும் தகடு ஒன்று. இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். ஏறத்தாழ 15 மைக்ரான் ஆகும்வரை நியூட்ரான்கள் வெளிவரவில்லை, பிறகே வரத்தொடங்கின. பந்து எந்த உயரத்துக்கும் துள்ளும். நியூட்ரானுக்கோ மாடிப்படிகள்போல் குறிப்பிட்ட உயரங்கள்தாம் உண்டு! முதற்படி 13.7 மைக்ரான், அதாவது முடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அணுவிலுள்ள எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டங்கள் இருப்பதாகப் படிக்கிறோமே, அவற்றை இங்கே பூமியே அமைத்துத் தருகிறது.

இவ்வளவு சிறியதை அளப்பானேன் என்று தோழியர் சிலர் கேட்டனர். எங்களில் பலருடைய அன்னையர் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார்கள். மருந்து ஒரு சிட்டிகை மிஞ்சினால் என்னாகும் என்பதை அறிந்த வீடுகளில் இக்கேள்வி எழலாமா?

2011இல் வியன்னாவைச் சேர்ந்த ஹார்ட்முட் ஆபெலே குழுவினர் கண்ணாடியை அதிரச்செய்து நியூட்ரானைப் படியேற்றினர். விநாடிக்குச் சில நூறு அதிர்வுகள். ஆலயத்து ஆர்மோனியச் சுரங்களின் அளவுதான். எந்த அதிர்வில் ஏறுகிறது என்று கண்டால் படிகளின் இடைவெளி நுட்பமாகத் தெரிந்துவிடும். பிரபஞ்சத்தை விரைந்து விரியச்செய்யும் இருள் ஆற்றலுக்குக் காரணமான புதுவிசை ஏதும் ஒளிந்திருந்தால், அந்த இடைவெளி சற்றே மாறியிருக்கும். மாற்றம் எதுவும் தென்படவில்லை. எங்களுக்குச் சிறிது ஏமாற்றமே! அவர்களோ இன்னும் நுட்பமாக அளக்க முனைந்துவிட்டார்கள்.