முன்பல்லின் ஒரு மூலை

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடத்தான் வேண்டும். அப்படி ஒரு தெருவை ஒட்டிய மாடியில் இருக்கிறது அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒரு காலைப்பொழுது ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

நாற்காலியில் பத்து வயதுப் பையன். சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல்லின் மூலை சாய்வாக உடைந்திருந்தது. தறிக்குப் போகாமல் கூட்டி வந்திருந்த அம்மா, "இத எடுத்துட்டு வேற பல்லு வச்சிருங்கம்மா" என்றார்.

"எதுக்குக்கா எடுக்கணும்? வேரு நல்லாருக்கு. ஒடஞ்ச எடத்த மட்டும் கட்டிருவோம்."

கேப் போடலாமே என்றேன். கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும், இந்த வயதில் உள்ளே நரம்பறை பெரிதாக இருக்கும், ராவினால் நரம்பைத் தொட்டுவிடும் என்று விளக்கினார். இருக்கிற பல்லைக் காப்பாற்றிக்கொண்டு கட்டுவதுதான், பல் நிறப் பிசினால் செய்யும் கம்போசிட் வேலையின் பெருமை.

முதலில் நிறம் பார்த்தார்கள். பல் ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் காய்ந்தாலே பல் வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்கு நிறம் எடுத்தால், எச்சில் ஊறிய பிறகு கட்டிய மூலை மட்டும் வெள்ளையாகத் துருத்தும். உதவிக்கு நிற்கும் பெண் முன்பு நூல் சுற்றும் வேலையில் இருந்தவர். "ஏ-2 ஷேடு இல்ல மேடம், அதுக்கு ஒண்ணு கீழ" என்றார். டாக்டர் துளி கம்போசிட்டைப் பல்லில் ஒட்டி, லைட் காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. துளியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

உடைந்த ஓரத்தில் பாஸ்பாரிக் அமில ஜெல்லைத் தடவி, அரை நிமிடத்துக்குள் கழுவிக் காயவைத்ததும் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கியது. அமிலம் அங்கே கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பறித்திருக்கிறது. அடுத்துத் தடவும் பாண்டிங் திரவம் அவற்றுக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கவனித்து, இதைப் பல்லில் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் மைக்கேல் புவோனகோர். ஆண்டு 1955. இன்றைய கம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினை ரஃபேல் போவன் உருவாக்கியது அதற்குப் பின்னர்தான்.

"ஏல, நாக்க அசைக்காத. முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு." பையன் கண்ணை இறுக மூடியிருந்தான். இந்தக் கட்டத்தில் எச்சில் பட்டால் மறுபடி அமிலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உதவிப் பெண்ணின் சக்‌ஷன் குழாய் கன்னத்தைவிட்டு நகரவே இல்லை. பின்பக்கம் மெல்லிய சுவர், நடுவில் பல்லின் உள்ளடுக்கான டென்டினின் மங்கலான நிறம், மேலே ஒளி ஊடுருவும் எனாமல் நிறம் என்று படலம் படலமாக ஏறியது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கனத்தால் நீல வெளிச்சம் அடிவரை போகாது. உள்ளே வேகாமல் நின்றுவிடும்.

கட்டியதைவிட, தேய்த்து உருவம் கொண்டுவரத்தான் அதிக நேரம் ஆனது. சொரசொரப்பான வட்டிலிருந்து நைசான வட்டு வரை மாற்றி மாற்றித் தேய்த்தார். அதற்குமுன் அவர் செய்த ஒன்றை நான் மறக்கமாட்டேன். புதிதாய் முளைத்த பல்லில் குறுக்காக மெல்லிய வரிகள் ஓடும். பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, அதே வரிகளைக் கட்டிய மூலையிலும் இழுத்தார். யாரும் கவனிக்கப்போவதில்லை, அப்படிக் கவனிக்காமல் போகவேண்டும் என்பதற்குத்தான் அவ்வளவு பாடும். சினிமா வெண்மையைப் படம்போட்டு விற்கிற பல் விளம்பரங்களில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கலர்த்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடு தட்டிய இடத்தை ராவினார்.

"எத்தன வருசம் தாங்கும்மா?"

"அஞ்சாறு வருசம் எதிர்பாக்கலாம்க்கா. முன்னாடியே பேந்தாலும் அந்த எடத்துல மட்டும் திரும்பக் கட்டிரலாம். கரும்பு, சீடையெல்லாம் முன்பல்லுல கடிக்க விடாதீங்க. ஒடஞ்ச துண்டு எங்க?"

"தூரப் போட்டுட்டேனே."

"இனிமே யாருக்கு ஒடஞ்சாலும் துண்ட எடுத்து பாலுலயோ தண்ணியிலயோ போட்டுக் கொண்டாங்க. பொருந்துச்சுன்னா அதையே ஒட்டிரலாம். பள்ளிக்கூடத்துல டீச்சர்ட்டயும் சொல்லி வைங்க."