பலூன் ஆடாமல் நிற்க வேண்டும்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எது வீடு, எது கம்பெனி என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் நண்பர், "மக்கற பிளாஸ்டிக் ஓட்டறாங்க, வாங்க" என்று கூட்டிப்போன இடமும் அப்படித்தான். தகரக் கூரை, உள்ளே அனல், நடுவில் கூரையைத் தொடப் பார்க்கும் ஒரு பலூன். உருகிய பிளாஸ்டிக் வட்ட டையின் இடுக்கு வழியே மேலேறி, உள்ளே ஊதும் காற்றில் உப்பி, உச்சியில் உருளைகளுக்கிடையே நசுங்கித் தாளாகச் சுற்றிக்கொள்கிறது.

ஏற்றுமதியாகும் திருப்பூர் பனியன் பெரும்பாலும் ஒரு கண்ணாடிப் பைக்குள் போய்த்தான் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. இத்தனை காலம் அது பாலித்தீன். இப்போது வெளிநாட்டு பையர்கள் சிலர் மக்கும் பை கேட்கிறார்கள்.

கேட்பது எளிது. மக்காச்சோள மாவுச்சத்தைப் புளிக்க வைத்து எடுக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் விறைப்பாக, பளிச்சென்று இருக்கும். ஆனால் கசக்கினால் சத்தம், மடித்தால் விரிசல். 2010இல் அமெரிக்காவில் சன்சிப்ஸ் நொறுக்குத்தீனி மக்கும் பையில் வந்து, பை போட்ட இரைச்சலை மக்கள் கேலி செய்ததில், கம்பெனி பெரும்பாலான ரகங்களுக்குப் பழைய பையையே திரும்பக் கொண்டுவந்தது. இன்னொன்று பி.பி.ஏ.டி. ரப்பர்போல இழுபடும், கிழியாது. ஆனால் தொளதொளவென்று மங்கலாக இருக்கும். இது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. நுண்ணுயிர் தின்னும் என்பதால்தான் மக்கும் வகையில் சேர்கிறது. ஆகவே மூன்று அடுக்கு: நடுவில் விறைப்புக்கு பி.எல்.ஏ. கூடுதல், வெளி இரண்டிலும் ஒட்டுக்கும் கிழியாமைக்கும் பி.பி.ஏ.டி. கூடுதல். உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மூன்று, டை ஒன்றே. சேலத்து மரவள்ளி மாவைக் கலந்தால் விலை குறையாதா என்றேன். கேரி பேக்குக்குச் சரி, இதற்கு ஆகாது என்றார்கள். பை மங்கிவிடும், உள்ளே இருக்கும் பார்கோடு ஸ்கேன் ஆகாது. அச்சடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் காட்டினார்கள். அதில் எனக்கு மனம் போகவில்லை.

மனம் ஆபரேட்டரிடம் நின்றுவிட்டது. தாராபுரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பலூனின் கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, உருகல் இறுகித் தாளாகும் இடத்தில், மெல்லிய மங்கல் கோடு ஒன்று வளையமாகத் தெரியும். அவர் கண் அதைவிட்டு அகலவே இல்லை. "பாலித்தீன்னா கோடு ஒரே எடத்துல நிக்குமுங்க. இது ஆடும். காச்சற பாலுக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி நிக்கோணும்." உருக்கப் போடும் பிளாஸ்டிக் குருணையில் ஈரம் இருந்தாலும் போச்சு, சூட்டில் பி.எல்.ஏ.வின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து பலூன் உட்கார்ந்துவிடும். ஓடும் தாளில் ஒரு துண்டு வெட்டி நீளவாக்கில் கிழித்தார், குறுக்கே கிழித்தார். நீளவாக்கில் கொஞ்சம் லேசாகக் கிழிந்தது. பலூனைக் குளிர்விக்கும் ஏர் ரிங்கைத் திருகினார்.

முன்பு சாயப்பட்டறையில் இருந்தவர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனது. கேரி பேக் ஓட்டும் யூனிட்டுக்கு வந்தார். 2019 ஜனவரி 1இல் தமிழக அரசின் பிளாஸ்டிக் தடை வந்து அதுவும் போனது. "ரெண்டு தடவையும் அவங்க சொன்னது நாயந்தானுங்க. ஆனா ரெண்டு தடவையும் வூட்ல உக்கோந்தது நானுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகுதான். மக்கும் குருணை பாலித்தீனைவிட இரண்டு மடங்குக்குமேல் விலை. பையின் விலையை அந்த அளவு ஏற்றித்தர யாரும் தயாரில்லை. பையர் ஏஜென்ட்டைக் கை காட்டுகிறார். ஏஜென்ட் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு பனியன் கம்பெனியைக் காட்டுகிறார். கம்பெனி இந்தத் தகரக் கூரையைக் காட்டுகிறது. பசுமை முத்திரை லண்டன் கடையில் மினுங்குகிறது, அதற்கான பணம் ஆபரேட்டரின் ஓவர்டைமில் பிடித்தமாகிறது. பாலித்தீனைவிட இந்தத் தாள் காற்றின் ஈரத்தை அதிகம் உள்ளே விடும். கன்டெய்னரில் துணி வாடை பிடித்தால், பணம் பிடிக்கப்படுவதும் இதே யூனிட்டின் பில்லில்தான்.

சரி, மக்கவாவது செய்கிறதா? ஐ.எஸ்.ஓ. 17088 தரம் சொல்வது, உரக்கூடத்தில் 58 டிகிரி வாக்கில் வைத்தால் 180 நாளுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்பது. தெருக் குப்பை அந்தச் சூட்டை எங்கே காண்பது? திருப்பூர்க் குப்பை கைவிட்ட பாறைக்குழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025இல் நெருப்பெரிச்சல்காரர்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். பழைய பாலித்தீன் அரைப்பவர்களுக்கோ இந்தப் பை தலைவலி: பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கலந்தால் மறுசுழற்சிக் குருணை கெடும். கேரி பேக்குக்கு 120 மைக்ரான் கனம் வேண்டும் என்ற விதியிலிருந்து மக்கும் வகைக்கு விலக்கு தந்த மத்திய அரசு, மக்க வைக்கும் இடத்தையும் சேர்த்துத் தந்திருக்கலாம்.

மக்கும் ஆர்டர் மாதத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் அதே மெஷினில் பாலித்தீன். மாற்றும்போது திருகுக்குள் மிச்சமிருப்பதைப் பாலித்தீன் விட்டுத் தள்ளுவார்கள். இரண்டும் கலந்து கட்டி கட்டியாக விழும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம். "இது மக்குமாங்க?"

"மக்காதுங்க."

"பழைய பிளாஸ்டிக்காரர் எடுத்துக்குவாரா?"

"தொடவே மாட்டாருங்க. மாநகராட்சி வண்டி வரும், போட்டுருவோம்."