அலிகாந்தே வரும் மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

டொரண்டோவில் ஆளாளுக்கு வீட்டிலேயே வைன் போடுகிறார்களாமே, கடையில் வாங்குவதைவிட அது மலிவா என்று கேட்டிருந்தீர்கள். மலிவுதான். ஆனால் மலிவை நம்பி இறங்குகிறவர்கள் அடுத்த வருடமே கைகழுவிவிடுகிறார்கள். கோடையில் இங்கே வீட்டு வாசல்களில் பழைய சாமான் விற்பார்கள். புத்தம் புதிதாகப் பளபளக்கும் 23 லிட்டர் கண்ணாடிக் குடுவையைப் பார்த்தால் அதன் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். செப்டம்பர் பாதிக்கு மேல் கலிபோர்னியாவிலிருந்து லாரி லாரியாகத் திராட்சை வந்து இறங்கும். ஒரு பெட்டி 36 பவுண்டு, அதாவது 16 கிலோ சொச்சம். அதில் ஏறக்குறைய பத்து லிட்டர் வைன் தேறும். 750 மில்லி பாட்டிலில் பதின்மூன்று. பெட்டி 50 டாலர் என்றாலும் பாட்டிலுக்கு நாலு டாலருக்குள் பழச்செலவு முடிந்தது. கடையில் சுமாரான சிவப்பு வைன் 12, 15 டாலர். அதில் கணிசமான பங்கு அரசுக்குப் போகிறது. ஆக, லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. பழம் நசுக்கும் எந்திரம், பிழியும் செக்கு, குடுவை, தக்கை எல்லாம் சேர்த்துக்கொண்டு, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சம்பளம் போட்டீர்களானால் கணக்கு கந்தல்.

அப்படியிருந்தும் ஏன் போடுகிறார்கள் என்பதற்கு இந்த மாகாணத்தின் பழங்கதை தெரிய வேண்டும். ஒன்டாரியோவில் 1916-இல் மதுவிலக்கு வந்தது. உள்ளூர்த் திராட்சையில் செய்த வைனுக்கு மட்டும் விலக்கு. பிறகு 1927-இல் மதுவிற்பனையை அரசு தன் கையில் எடுத்தது; எல்சிபிஓ என்ற அரசு மதுக்கடைகள் அப்போது பிறந்தவைதான். பாட்டில் வாங்க ஆளுக்கொரு அனுமதிப் புத்தகம் வேண்டும், வாங்கியதை அதில் குறிப்பார்கள். அந்த அனுமதி முறை 1962 வரை நீடித்தது. அதற்கப்புறமும் சீட்டு எழுதி நீட்டினால் ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். நம்மவர்களுக்குச் சோற்றோடு ரசம் எப்படியோ அப்படிச் சாப்பாட்டோடு வைன் வைத்துக்கொள்ளும் இத்தாலியர்களும் போர்த்துக்கீசியர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கியபோது நிலவரம் இதுதான். கவுண்டரில் கைகட்டி நிற்பதைவிட அடித்தளத்து அறையில் தானே போட்டுக்கொள்வது கௌரவம் என்று அவர்களுக்குப் பட்டிருந்தால் வியப்பில்லை. 2024 செப்டம்பரிலிருந்து தெருமுனைப் பெட்டிக்கடையில்கூட வைன் கிடைக்கிறது. வீட்டு வைன் நின்றபாடில்லை.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார். இத்தாலியின் கலாப்ரியா பகுதிக்காரர், கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அலிகாந்தே இல்லாமல் வைன் கிடையாது. அலிகாந்தே பூஷே என்பது முழுப்பெயர். 1866-இல் பிரான்சில் ஆன்ரி பூஷே இனக்கலப்பு செய்து உண்டாக்கிய திராட்சை ரகம். மற்ற பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிதுக்கினால் சதை வெளிறி இருக்கும், நிறமெல்லாம் தோலில்தான். இதற்குச் சதையே சிவப்பு. தோலும் தடிமன் என்பதால் ரயிலில் நாள் கணக்கில் பயணம் செய்தாலும் நசுங்காது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920–33) இதற்கு அடித்தது யோகம். வீட்டுக்குள் "பழச்சாறு" செய்துகொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. குடும்பத்துக்கு வருடம் 200 காலன் வரை. அந்தச் சந்து வழியாகக் கலிபோர்னியாவின் நல்ல ரகங்களைப் பிடுங்கிவிட்டு அலிகாந்தே நட்டார்கள். நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால், ஒருமுறை பிழிந்த சக்கையில் சீனித்தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை எடுக்கலாம், பார்வைக்குச் சிவப்பாகவே இருக்கும். மதுவிலக்கு போய்விட்டது, பெட்டிகள் மட்டும் இன்றும் வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. தனியாகக் குடித்தால் அலிகாந்தே முரடு. நாலு பெட்டி ஜின்ஃபண்டல் திராட்சைக்கு ஒரு பெட்டி என்று கலந்தால்தான் வழிக்கு வரும்.

பழம் வந்து இறங்கும் வாரம் பெரியவரின் கராஜில் நின்று பார்க்க வேண்டும். எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் காம்பு ஒருபக்கம், பழம் ஒருபக்கம் விழும். தொட்டியில் விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ முணுமுணுவென்று சத்தம் கிளம்பும். யீஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விட, அது தோலையெல்லாம் மேலே தூக்கி ஒரு முழக் கனத்துக்கு மூடிபோட்டதுபோல் நிறுத்திவிடும். அந்தத் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தடவை மரத்தடியால் குத்தி உள்ளே அமுக்க வேண்டும். விட்டால் மேலே காய்ந்து, பழ ஈ மொய்த்து, வைன் காடியாகிப் போகும். அமுக்கும்போது உடைந்த இடத்திலிருந்து ஊதா நுரை சீறும். கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும், 28 டிகிரி வரை ஏறும். கராஜ் கதவைப் பெரியவர் மூடவே விடமாட்டார். அடைத்த அறையில் தரைமட்டத்தில் தேங்கும் அந்த வாயு ஆளைச் சாய்த்துவிடும் என்பது இத்தாலியிலேயே அவர் பார்த்த பாடம்.

நாகர்கோவில் பக்கத்து கிறிஸ்துமஸ் வைனை நினைத்துக்கொள்கிறீர்கள், தெரிகிறது. பரணியில் பன்னீர் திராட்சை, பழத்துக்குப் பாதியாவது சீனி, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தின்ன அருமையான பழம். ஆனால் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் ஒரு சதவீதச் சாராயம் தேறும். வைனுக்கென்று வளர்த்த பழத்தில் அந்தச் சர்க்கரை கொடியிலேயே ஊறிவிடுகிறது, நாம் சீனி அள்ளிப் போட்டு ஈடுகட்டுகிறோம். அதனால்தான் நம் வைன் தித்திப்பு, இவர்களுடையது தித்திப்பில்லாதது.

உங்கள் வீட்டில் இதை வாசித்தால் "கண் போயிடப் போகுது" என்று அண்ணி கட்டாயம் சொல்வார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். திராட்சையைப் புளிக்க வைப்பதில் அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாக வழியே இல்லை. வடித்தெடுப்பது வேறு விவகாரம். இங்கேயும் அதை வீட்டில் செய்தால் குற்றம்.

இன்னொரு நம்பிக்கை, வீட்டு வைனில் "கெமிக்கல்" இல்லை, தலைவலிக்காது என்பது. பெரியவரும் இதைத்தான் நெஞ்சில் அடித்துச் சொல்வார். வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைத் தொடவே மாட்டார். ஆனால் யீஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. சல்ஃபைட் சேர்க்காத அவருடைய வைன் ஈஸ்டர் வரை அமர்க்களம், அடுத்த ஆகஸ்டில் கொஞ்சம் காடி வாடை. நான் கண்டிப்பாக ஒரு சிட்டிகை சேர்ப்பேன். எங்கள் நட்பில் ஒரே விரிசல் இதுதான்.

பழம், செக்கு என்று அலைய முடியாதவர்களுக்குச் செறிவூட்டிய சாறு டப்பாவில் கிடைக்கிறது. ஆறு வாரத்தில் முப்பது பாட்டில். அதைக்கூட வீட்டில் செய்யாமல், அதற்கென்றே இருக்கும் கடையில் செய்துகொள்ளலாம். யீஸ்ட்டை மட்டும் நீங்கள் உங்கள் கையால் தூவ வேண்டும். மீதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், பாட்டிலில் அடைக்க மறுபடி நீங்கள் போக வேண்டும். அப்போதுதான் அது சட்டத்தின் கண்ணில் உங்கள் வைன். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கல்யாணச் செலவைக் குறைக்க நல்ல வழி.

என்னைக் கேட்டால், போடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாங்கத் தெரிந்தது. சிவப்பை வீட்டில் போடலாம். தோலோடும் விதையோடும் நொதிப்பதால் இறங்கும் துவர்ப்பு அதற்குக் காவல், சின்னச் சின்ன கவனக்குறைவுகளைப் பொறுத்துக்கொள்ளும். வெள்ளை அப்படியல்ல. பிழிந்த கையோடு குளிரில் வைத்து, 15 டிகிரி அளவில் வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்க விட வேண்டும். காற்றுப் பட்டால் பழுப்பேறி மணம் செத்துவிடும். குளிர்நீர் சுற்றும் எஃகுத் தொட்டி வைத்திருப்பவனுக்குத்தான் அது கட்டும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நயாகரா. அங்கே விளையும் ரீஸ்லிங் திராட்சையின் வெள்ளை வைன் 18 டாலருக்குக் கிடைக்கிறது. அந்தப் பதினெட்டு எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும், முணுமுணுக்காமல் கொடுக்கிறேன். ஐஸ்வைனுக்கோ மைனஸ் 8 டிகிரியிலோ அதற்குக் கீழோ கொடியிலேயே உறைந்த பழத்தை அந்தக் குளிரிலேயே பறித்துப் பிழிய வேண்டும் என்பது விதி. பெரியவர்கூட அதில் கைவைப்பதில்லை. புத்தாண்டுக்கு நுரைக்கும் வைனும் அவர் கடையில்தான் வாங்குகிறார்.

இந்த வருடம் எட்டுப் பெட்டி ஜின்ஃபண்டலும் இரண்டு அலிகாந்தேயும் சொல்லி வைத்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் நீங்கள் வருவதாக இருந்தால் பழைய சட்டையாகப் பார்த்து ஒன்று எடுத்து வாருங்கள். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போவதில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்