கொக்கியில் ஒரு லீவு லெட்டர்

எங்கள் கம்பெனியில் லீவு லெட்டர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரே பாட்டி வருஷத்துக்கு மூன்று தடவை செத்துப் போவாள். ஆனால் போன ஆடி மாதம் கிரேன் ஆபரேட்டர் தம்பி ஒருவன் நீட்டின லெட்டர் மாதிரி இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேறு யாருக்கும் வந்திருக்காது.

'ஞாயிற்றுக்கிழமை நான் கிரேனில் தொங்க இருப்பதால் திங்கள், செவ்வாய் விடுப்பு தேவை.'

நானோ சேஃப்டி ஆபீஸர். கிரேனில் ஆள் தொங்கக் கூடாது என்று மூன்று பாஷையில் போர்டு எழுதி மாட்டியவன்!

"என்னய்யா இது?"

"பறவைக் காவடி சார். பாப்பா குறைமாசத்துல பொறந்து இருபத்தோரு நாள் இன்குபேட்டர்ல இருந்துச்சுல்ல? அப்ப மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். பேரு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க சார்."

"முதுகுல கொக்கி போட்டுத் தொங்கினா தோல் பிய்ஞ்சுடாதா?"

"லோடைப் பிரிச்சு விடணும்னு நீங்கதானே சார் க்ளாஸ் எடுத்தீங்க? நான் எழுபது கிலோ. முதுகு, தொடை, கெண்டைக்கால்னு எட்டுக் கொக்கி. ஒண்ணுக்கு ஒன்பது கிலோகூட வராது."

என் க்ளாஸைக் கவனித்த ஒரே ஆத்மா! திட்டவா, கட்டிக்கொள்ளவா?

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நம் செடில் உற்சவம் வெள்ளைக்காரனையே குழப்பியிருக்கிறது. வங்காளத்தில் 1865-ல் தடை போட்டார்கள். 1891-ல் சோழவந்தானில் நடந்த செடிலைப் பற்றி மதராஸ் சர்க்கார் ஃபைல் ஃபைலாக விவாதித்தது. ஸ்டெலார்க் என்று ஆஸ்திரேலியக் கலைஞர் ஒருவர். வேண்டுதலெல்லாம் கிடையாது, கலைக்காகவே கொக்கி மாட்டிக்கொண்டு 1985-ல் கோபன்ஹேகனில் ராயல் தியேட்டருக்கு மேலே கிரேனில் தொங்கியிருக்கிறார். அவர் தொங்கினால் கலை, நம்மாள் தொங்கினால் காட்டுமிராண்டித்தனமா என்று யோசித்தபோதுதான் இன்னொரு விஷயம் ஞாபகம் வந்து தூக்கம் போயிற்று.

2023 ஜனவரி 22. அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களைத் தூக்கியிருந்த கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்து போனார்கள்.

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டேன். "கொக்கி சரி. கிரேன்?"

"வாடகை ஹைட்ரா சார்."

"ஊர்வலம் எந்த வழி?"

"ஏரிக்கரை மேல."

"ராத்திரி ராத்திரி மழை பெய்யுதே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆத்தா பாத்துக்கும் சார்."

"பாத்துக்கட்டும். கூட நானும் வந்து பாத்துக்கறேன்" என்று லீவைச் சாங்ஷன் செய்தேன். டெட்டனஸ் ஊசி, பிறத்தியார் உடம்பில் படாத புதுக் கொக்கி என்று இரண்டு கண்டிஷன் வேறு.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் இறங்கினதும் ஹைட்ரா டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் ஆர்.டி.ஓ.வா?"

"முதல்ல ரெண்டு நெல் மூட்டையைத் தொங்கவிட்டு ஊர்வலப் பாதையில ஒரு ரவுண்டு போங்க" என்றேன். ஊரே சிரித்தது. "மூட்டைக்கும் வேண்டுதலாம்ல!" என்றது ஒரு கிழவி.

ஏரிக்கரைத் திருப்பத்தில் முன்சக்கரம் பொசுக்கென்று ஒரு முழம் இறங்கியது. மண்ணைப் போட்டு மூடின பைப் பள்ளமாம். மூட்டைகள் ஒரு பக்கமாக வீசி ஆடின, வண்டி சாய்ந்தது, டிரைவர் சட்டென்று பூமை இறக்கியதால் கவிழாமல் நின்றது. சிரிப்புச் சத்தம் நின்று போயிற்று. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

பிறகு ஆத்தாவுக்கும் எனக்கும் அதிகம் வேலையில்லை. ஊர்வலம் தார் ரோட்டுக்கு மாறியது. பூம் தாழ்ந்தது. சுற்றிலும் கயிறு கட்டி ஜனங்களைத் தள்ளி நிறுத்தினோம்.

பம்பை முழங்க, குத்துகிற பெரியவர் தோலைக் கொத்தாகப் பிடித்துக் கொக்கியை ஏற்றினார். விபூதி அப்பினார். ரத்தம் நான் பயந்த அளவுக்கு இல்லை. எட்டுக் கயிறும் ஒரே இழுப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். எந்தக் காலேஜில் படித்தாரோ!

தூக்கினார்கள். முதுகுத்தோல் கூடாரம் மாதிரி எழும்பிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தம்பி கை இரண்டையும் விரித்துப் பறந்துகொண்டிருந்தான். குழந்தையை மேலே கொடுக்கக் கூடாது என்பதும் என் கண்டிஷன்தான். அதனால் மனைவி கீழிருந்தே தூக்கிக் காட்ட, அவன் கையை எட்டி அதன் தலையைத் தொட்டான். இருபத்தோரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன்! எனக்கு என்னவோ செய்தது. தூசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை டியூட்டிக்கு வந்தான். "வலிச்சுதா?"

"குத்தறப்ப வலிச்சுது. தொங்கறப்ப தெரியல சார். ஆனா அந்த மூட்டை ஆடிச்சு பாருங்க, அதை நினைச்சாதான் இப்பவும் வயித்தைக் கலக்குது."

பாக்கெட்டிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். "தர்மகர்த்தா குடுத்தாரு. அடுத்த ஆடிக்கு ஆறு பேராம். நீங்க வந்து மூட்டை கட்டித் தரணுமாம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு லீவு தர வேண்டிய மேனேஜரிடம் என்ன காரணம் எழுதுவது என்பதுதான் இப்போது யோசனை. என் பாட்டியை ஏற்கெனவே இரண்டு தடவை சாகடித்தாயிற்று!